புற்றுநோயும் ஊடுகதிர்க் குறுக்குப் படமும்

(நம் சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில், மயிலாப்பூரில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இலக்கணமும் இலக்கியமும் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட தமிழாசிரியன் ஒருவன் மருத்துவப் பொருள் பற்றிப் பேச முற்படுவது உங்களிற் சிலர்க்கு வியப்பாயிருக்கலாம். நோய்க்கு மருந்து கூறுதல் அக்கலை கற்றார்க்கே உரியது. அதனை யான் செய்ய வரவில்லை. ஆயின், ஒரு நோயைப் பற்றி நம் இல்லங்களில் வழங்கும் சொற்களையும், அச்சத்தையும், சொல்லாமல் மறைக்கும் மௌனத்தையும் பற்றிப் பேசுதல், சொல்லையே தொழிலாகக் கொண்டவனுக்குப் புறம்பானதன்று. ஆதலின் காரியதரிசி அவர்கள் இலக்கியப் பொருளொன்று பற்றிப் பேசுமாறு பணித்தபோது, இப்பொருளையே பேச இசைவு தருமாறு வேண்டிக்கொண்டேன். இசைந்த அவர்கட்கு என் நன்றி உரியது.

முதற்கண் பெயரை நோக்குவோம். நம்மவர் இந்நோய்க்குப் புற்று என்று பெயரிட்டனர். கறையான் எழுப்பும் புற்று வெளியே ஒரு முழம் உயர்ந்து காணப்படுவதற்கு முன்னமே, நிலத்தின் உள்ளே அதன் அறைகளும் வழிகளும் நெடுந்தூரம் பரந்துவிடுகின்றன. உடலிலும் அவ்வாறே. கண்ணுக்கும் கைக்கும் புலப்படுமுன் இந்நோய் உள்ளே வளர்கின்றது. மேலைநாட்டார் நண்டின் பெயரால் இதனைக் குறித்தனர். கட்டியினின்று நாற்புறமும் கிளைத்தோடும் நரம்புகளை நண்டின் கால்களாகக் கண்டனர் போலும். அவர்கள் பெயர் நோயின் வடிவத்தைக் கூறுகின்றது. நம் பெயர் அதன் மறைவைக் கூறுகின்றது. மறைந்திருப்பதே இந்நோயின் வலிமையாதலால், மறைவைப் போக்குவதே அதனை வெல்லும் வழியாம்.

இம்மறைவினால் விளையும் கேட்டைச் சென்னை மாநகர் ஒரு குடும்பத்தின் துயரிலிருந்தே கற்றுக்கொண்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-இல் பட்டம் பெற்றவரும், 1927-இல் சென்னைச் சட்டசபையில் அமர்ந்தவருமான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியாரைப் பற்றி நீங்கள் அறிவீர்கள். அவர்தம் இளைய சகோதரியார்க்குக் குடலின் கடைப்பகுதியில் புற்றுத் தோன்றிற்று. அதனைச் சீதபேதி என்று கருதி மருத்துவம் செய்தனர். உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. 1923-இல் அவ்வம்மையார் இறந்தார். தமக்கையே மருத்துவராயிருந்தும் தங்கையைக் காக்க இயலவில்லை. அத்துயரை அவர் தம்மளவில் வைத்துக்கொண்டு அழுதிருக்கலாம், அவ்வாறு செய்யவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு பல்லாண்டு பொருள் திரட்டினார். 1952-இல் ஜவாஹர்லால் நேரு அவர்கள் அடையாற்றில் அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18-ஆம் நாள் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் தொடங்கப்பெற்றது. அவர் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அங்கே பணியேற்றார். இந்த மயிலாப்பூரிலேயே 1927-இல் பிறந்து, இங்குள்ள பெண்கள் பள்ளியிலேயே பயின்ற டாக்டர் சாந்தா அம்மையார் 1955-இல் அங்குச் சேர்ந்து, 2021 ஜனவரியில் மறையும்வரை அதனையே தம் இல்லமாகக் கொண்டார். புற்றென்றால் சாவென்றே எண்ணப்பட்ட காலத்தில், அதனை முன்னரே கண்டால் தீர்க்கலாம் என்பதை அவர்கள் வாயாற் கூறியதோடு நில்லாமல் செயலாலும் காட்டினர்.

இனி, முன்னரே காணுதல் எங்ஙனம் என்னும் வினா எழுகின்றது. உடலைக் கீறாமல் உள்ளே நோக்கும் வழியை உலகிற்கு முதலில் காட்டியவர் ஜெர்மானியராகிய ராண்ட்கன். அவர் 1895 நவம்பரில் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். இதனை ஊடுகதிர் என்று தமிழில் வழங்குகின்றோம். இக்கதிரால் எடுக்கப்படும் படம் உண்மையில் ஒரு நிழலேயாகும். நவராத்திரியில் நம் வீடுகளில் கொலு வைக்கின்றோம். கொலுப்படிகட்கு முன்னே விளக்கொன்றை வைத்துப் பின்சுவரைப் பாருங்கள். முன்னிற்கும் பொம்மையின் நிழலும் பின்னிற்கும் பொம்மையின் நிழலும் ஒன்றன்மேலொன்று விழுந்து ஒரே கருமையாகத் தோன்றும். பெரிய பொம்மையின் நிழலுக்குள் சிறிய பொம்மை முழுவதும் மறைந்துபோம். அங்ஙனமே மார்பின் ஊடுகதிர்ப் படத்தில் விலா எலும்பின் நிழலுக்குள்ளும் இதயத்தின் நிழலுக்குள்ளும் சிறு கட்டியொன்று ஒளிந்துகொள்ளக்கூடும்.

ஆயின், அந்த விளக்கை ஒரே இடத்தில் வையாது, கொலுவைச் சுற்றிலும் நூறு இடங்களில் மாறிமாறி வைத்து, நூறு நிழல்களையும் குறித்துக்கொண்டால் என்னாகும்? ஒரு நிழலில் மறைந்த பொம்மை மற்றொரு நிழலில் வெளிப்படும். எல்லா நிழல்களையும் ஒருங்கு வைத்துக் கணக்கிட்டால், எந்தப் பொம்மை எந்த இடத்தில் நிற்கின்றது என்று படியின் வரைபடத்தையே எழுதிவிடலாம். சி.டி. ஸ்கேன் என்று நாம் வழங்கும் கருவியின் தத்துவம் இவ்வளவே. உடலைச் சுற்றிலும் ஊடுகதிரைச் செலுத்தி, ஒவ்வொரு திசையிலும் எவ்வளவு கதிர் வெளிப்படுகின்றதென அளந்து, அவ்வளவுகளிலிருந்து உடலின் குறுக்குவெட்டை வரைந்து காட்டுவது அது. வாழைத்தண்டை வில்லையாக அரிந்து பார்ப்பதுபோல், அரியாமலே உடலை வில்லை வில்லையாகப் பார்க்கின்றோம்.

இக்கருவிக்கு அடிகோலியவர் இருவர். தென்னாப்பிரிக்காவில் ஆலன் கார்மக் என்னும் பௌதிக ஆசிரியர், புற்றுநோய்க்குக் கதிர்மருத்துவம் செய்யுங்கால் உடலின் எப்பகுதி எவ்வளவு கதிரை உண்கின்றது என்பதைத் துல்லியமாக அறிய வழியில்லையே என்று கவன்று, 1963-இலும் 1964-இலும் அதற்குரிய கணிதத்தை வெளியிட்டார். அக்காலத்தில் அதனைப் பொருட்படுத்தியோர் மிகச் சிலரே. இங்கிலாந்தில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் என்னும் பொறியறிஞர் தாமே தனியாக ஆராய்ந்து கருவியையே இயற்றினார். 1971 அக்டோபர் 1-ஆம் நாள், லண்டனை அடுத்த விம்பிள்டனில் உள்ள ஆட்கின்சன் மார்லி மருத்துவமனையில் அக்கருவி முதன்முதலாக ஒரு நோயாளியை நோக்கிற்று. அந்நோயாளி மூளையின் முன்பகுதியில் கட்டி உண்டென்று ஐயுறப்பட்ட ஒரு பெண்மணி. ஆகவே, இக்கருவி பிறந்த நாள்தொட்டே உள்ளே மறைந்த கட்டியைத் தேடும் தொழிலையே மேற்கொண்டதென்னலாம். அவ்விருவரும் 1979-இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றனர்.

நிற்க. இவ்வரலாற்றில் நம் ஊர்க்கும் ஒரு பங்குண்டென்பதை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும். சென்னைப் பல்கலைக் கழகத்தின் பௌதிகத் துறைக்கு 1952-இல் தலைவராக வந்தவர் ஜி. என். இராமச்சந்திரன். கிண்டியில் அவர் பணியாற்றிய இடம் அடையாற்றுப் புற்றுநோய் நிலையத்திற்கு அணித்தேயுள்ளது. தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் என்னும் பொருள் மூன்று இழைகளை முறுக்கிய கயிறு போன்றது என்பதை 1954-இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து உலகிற்கு அறிவித்தவர் அவரே. அப்பெருமகனார் 1971-இல் ஏ. வி. லட்சுமிநாராயணன் என்பாருடன் சேர்ந்து, அமெரிக்க விஞ்ஞானக் கழகத்தின் ஏட்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஊடுகதிர் நிழல்களிலிருந்தும் எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களிலிருந்தும் பொருளின் முழு வடிவத்தை எங்ஙனம் மீட்டமைப்பது என்பதே அதன் பொருள்.

அதன் நுட்பத்தை எளிதிற் கூறுகின்றேன். நிழல்களிலிருந்து வடிவத்தை மீட்பதற்கு, ஒவ்வொரு நிழலையும் அது வந்த வழியே திருப்பிப் பரப்பினால் போதும் என்று நமக்குத் தோன்றும். பல நிழற்கோடுகள் சந்திக்கும் இடத்தில் கருமை மிகும். அங்கே பொருள் உண்டென்று கொள்ளலாம். ஆனால் அவ்வாறு செய்தால், தாளில் சிந்திய எண்ணெய்த் துளி சுற்றிலும் கசிந்து பரவுவதுபோல், ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி ஒரு மங்கல் படர்ந்துவிடும். இம்மங்கலை நீக்க முன்னிருந்த வழி, மிக நீண்ட கணக்கை வேண்டுவது. இராமச்சந்திரனாரும் அவர் துணைவரும், நிழலைத் திருப்பிப் பரப்புவதற்கு முன்பே அதனைத் திருத்திக்கொள்ளும் முறையை வகுத்தனர். ஒவ்வோர் அளவையும் எடுத்துக்கொண்டு, அதன் இருமருங்கிலும் ஒன்றாம், மூன்றாம், ஐந்தாம் இடங்களில் உள்ள அளவுகளின் சிறு பங்கைக் கழிக்க வேண்டும். தூரம் மிகமிக அப்பங்கு தூரத்தின் வர்க்கத்திற்கேற்பக் குறையும். இரண்டாம், நான்காம் இடங்களைத் தொடவேண்டுவதில்லை. பள்ளிப் பிள்ளையும் போடத்தக்க கூட்டலும் கழித்தலும் பெருக்கலுமே இதிலுள்ளவை. இவ்வாறு திருத்திய நிழல்களைப் பரப்பினால் மங்கல் தானே கழிந்து, வடிவம் தெளிந்து நிற்கும்.

வானொலிக் கதிர்கொண்டு விண்ணை ஆராயும் துறையில் பிரேஸ்வெல், ரிடில் என்னும் இருவர் 1967-இலேயே இதனையொத்த முறையைக் கண்டிருந்தனர். இதனையும் சொல்லிவிடுதல் நேர்மை. நம்மவர் புகழைக் கூறப் பிறர் புகழை மறைக்க வேண்டுவதில்லை. எனினும், ஊடுகதிர்ப் படத்திற்கென இம்முறையை எளிதாக்கித் தந்த பெருமை இவ்விருவர்க்கும் உரியது. பின்னர் வந்த சி.டி. கருவிகள் பல்லாண்டுகள் இவ்வழியையே தழுவின. இன்றும் உலகெங்குமுள்ள பொறியியல் நூல்களில் அத்திருத்தக் கணக்கு இருவர் பெயரையும் குறுக்கி ‘ராம்-லாக்’ என்றே வழங்கப்படுகின்றது. யாதோர் ஊரில் ஒரு நோயாளி கருவிக்குள் படுக்கும்போதும், நம்மவர் இருவர் பெயர் அங்கே ஒலியாமல் ஒலிக்கின்றது.

அக்கருவி இந்த ஐம்பது ஆண்டுகளில் அடைந்த வளர்ச்சி பெரிது. தொடக்கத்தில் தலையை மட்டுமே நோக்கவல்லதாயிருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஐந்து நிமிடம் நோயாளி அசையாதிருக்க வேண்டும். 1989-ஐ ஒட்டிச் சுருள்முறை தோன்றிற்று. படுக்கை நகர்ந்துகொண்டேயிருக்க, கருவி இடைவிடாது சுழன்று, திருகுச் சுருள்போல் உடலை அளக்கலாயிற்று. 1998 முதல் ஒரே சுழற்சியில் பல வில்லைகளை எடுக்கும் கருவிகள் வந்தன. இன்று மார்பு முழுவதையும் ஒருமுறை மூச்சடக்கும் நேரத்தில் ஒரு மில்லிமீட்டரினும் மெல்லிய வில்லைகளாக எடுத்துவிடலாம். கதிரின் துகள்களை ஒவ்வொன்றாக எண்ணவல்ல புதுவகைக் கருவிக்கு 2021-இல் அமெரிக்க அரசு இசைவளித்தது. குறைந்த கதிரால் கூர்மையான படம் பெறுதல் இதன் பயனாம். படங்களைப் பார்த்து ஐயுறத்தக்க இடங்களைச் சுட்டிக்காட்டும் கணிப்பொறி நிரல்களும் மருத்துவர்க்குத் துணையாக வந்துள்ளன. அன்றியும், கட்டியின் இருப்பிடத்தைப் படத்தில் கண்டுகொண்டே ஊசியைச் செலுத்திச் சிறு துணுக்கெடுத்துச் சோதிக்கின்றனர். கதிர்மருத்துவம் எவ்விடத்தில் எவ்வளவு பாய வேண்டுமென்று வகுப்பதும் இப்படத்தைக் கொண்டே. கார்மக் கவன்ற குறை இவ்வாறு தீர்ந்தது.

இத்துணைப் பெருமையுடைய கருவியாயின், ஆண்டுதோறும் எல்லோரும் உடல் முழுவதையும் இதனால் நோக்கிவிட்டால் என்ன என்று நீங்கள் வினவலாம். பலர் வினவுகின்றனர், சிலர் செய்தும் வருகின்றனர். இவ்விடத்தில்தான் தெளிவு வேண்டும். நோயின் குறி தோன்றியவரைச் சோதித்தல் வேறு; குறியொன்றும் இல்லாதவரிடம் நோயைத் தேடுதல் வேறு. முன்னது கண்டறிதல், பின்னது முன்சோதனை. முன்னதற்குச் சி.டி. கருவி நிகரற்ற துணை. மருத்துவர் வேண்டுமென்று கூறினால் அஞ்சாமல் எடுத்துக்கொள்ளல் வேண்டும். பின்னதற்கு அது பயன்படுவது ஒருசிலர்க்கே.

அச்சிலர் யாவர்? பல்லாண்டு புகைபிடித்தவர்கள். அமெரிக்காவில் 2002-இல் தொடங்கி, 55 முதல் 74 வயதுவரையுள்ள 53,454 பேரை, பெரும் புகைப்பழக்கம் உடையோரை, இரு கூறாக்கி ஆராய்ந்தனர். ஒரு கூறார்க்கு ஆண்டுக்கொருமுறையாக மூன்று முறை குறைந்த கதிரளவுள்ள சி.டி. படமும், மற்றைக் கூறார்க்குச் சாதாரண மார்புப் படமும் எடுத்தனர். 2011-இல் முடிவு வெளிவந்தது. சி.டி. எடுத்த கூறாரில் நுரையீரற் புற்றால் இறந்தோர் தொகை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஐரோப்பாவில் நிகழ்ந்து 2020-இல் வெளியான ஆராய்ச்சியும் ஆடவரிடை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தமையைக் காட்டிற்று. இதனால், 50 முதல் 80 வயதிற்குட்பட்டு, நாளொன்றுக்கு இருபது சிகரெட்டு வீதம் இருபது ஆண்டுக்கு ஈடாகப் புகைத்தவராய், இன்னும் புகைப்பவரோ பதினைந்து ஆண்டிற்குள் விட்டவரோ ஆயின், ஆண்டுதோறும் இச்சோதனை செய்துகொள்ளலாம் என்று அமெரிக்க வல்லுநர் குழு 2021-இல் கூறிற்று.

இம்முடிவின் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். அவ்வமெரிக்க ஆராய்ச்சியில் ஐயத்திற்கிடமான புள்ளி உண்டென்று வந்த படங்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு, முடிவில் புற்றன்று என்றே தெரிந்தன. நம் நாட்டிலோ, காசநோய் வந்து ஆறிய வடு நுரையீரலில் இருப்போர் பலர். அவ்வடுவும் படத்தில் புள்ளியாகவே தோன்றும். அன்றியும் ஊடுகதிர் தன்னளவில் தீங்கற்றதன்று. இயற்கையில் மண்ணாலும் விண்ணாலும் ஒருவர் ஓராண்டில் ஏற்கும் கதிரளவு உலகச் சராசரியில் 2.4 மில்லிசீவர்ட். குறைந்த அளவுச் சி.டி. ஏறத்தாழ 1.5. வழக்கமான மார்புச் சி.டி. அதனைப்போல் பன்மடங்கு. ஒருமுறை எடுப்பதால் அஞ்சத்தக்கது ஒன்றுமில்லை. ஆனால் காரணமின்றி மீண்டும் மீண்டும் எடுப்பதும், சிறுவர்க்கு எடுப்பதும் தவிர்க்கத்தக்கன. ஆகவேதான் இந்தியாவில் நுரையீரற் சி.டி. சோதனை நாடு தழுவிய திட்டமாக வைக்கப்படவில்லை.

யான் அறிந்த இரண்டு இல்லங்களின் செய்தியைக் கூறுகின்றேன், பெயர் வேண்டா. தியாகராய நகரில் உள்ள நண்பர் ஒருவர் உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் புகையைத் தொட்டறியாதவர். விளம்பரம் ஒன்றைக் கண்டு உடல் முழுவதற்கும் படமெடுத்துக்கொண்டார். நுரையீரலில் சிறு புள்ளியொன்று தென்பட்டது. அதன்பின் ஆறு திங்கள் அவர் வீட்டில் அடுப்பெரிந்தது, உறக்கமில்லை. மறுபடியும் படம், மற்றுமொரு மருத்துவர், ஊசிச் சோதனை. இறுதியில் அது இளமையில் வந்த காசநோயின் வடுவென்று தெளிந்தது. சேமிப்பில் ஒரு பகுதி போயிற்று. மனத்தின் அமைதி முழுவதும் போயிற்று.

மற்றொன்று என் உறவின்முறையில் நிகழ்ந்தது. அவ்வம்மையார் மார்பில் ஒரு கட்டியைத் தம் கையாலேயே கண்டார். அப்போது மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தனர். "தாய்க்கு இந்நோய் என்று தெரிந்தால் சம்பந்தம் கூடாது" என்று அஞ்சி, பத்துத் திங்கள் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. தை மாதம் திருமணம் சிறப்புற நிகழ்ந்தது. மாசியில் மருத்துவரிடம் சென்றார். சி.டி. படம் எடுத்தனர். நுரையீரலிலும் எலும்பிலும் நோய் பரவியிருந்ததைக் கருவி ஒளியாமற் காட்டிற்று. உலகின் மிகச் சிறந்த கருவியும் அப்போது செய்யக்கூடியது அவ்வளவே. அடுத்த நவராத்திரிக்கு அவர் இல்லை.

அன்பர்களே, இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வேண்டாதவர் கருவியை நாடிச் சென்றார்; வேண்டியவர் கருவியினின்று ஒளிந்தார். பொருளுடையார்க்கு அச்சம் மிகுந்தது. நோயுடையார்க்கு நாணம் மிகுந்தது. கருவியின் குறை இரண்டிடத்தும் இல்லை. குறை நம் வழக்கத்தில் உள்ளது.

நம் பெண்டிர்க்கு மிகுதியாக வரும் புற்றுகள் மார்பிலும் கருப்பை வாயிலும் தோன்றுவன. வாய்ப்புற்றோ புகையிலையால் இருபாலார்க்கும் வருவது. இவற்றை முன்னரே காணச் சி.டி. வேண்டுவதே இல்லை. கண்ணும் கையும் போதும். நம் திண்டுக்கல் மாவட்டத்தில் நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சியை உலகம் முழுவதும் எடுத்துக்காட்டுகின்றனர். அம்பிளிக்கையில் உள்ள மருத்துவ நிலையத்தின் துணையோடு, 30 முதல் 59 வயதுவரையுள்ள சிற்றூர்ப் பெண்டிர்க்குக் கருப்பை வாயில் காடி நீரைத் தடவி, வெண்மையாக மாறும் இடத்தைக் கண்ணால் நோக்கினர். ஒரே ஒருமுறை செய்த இச்சோதனையால், அந்நோயால் நேரும் இறப்பு நூற்றுக்கு முப்பத்தைந்து வீதம் குறைந்ததென 2007-இல் வெளியாயிற்று. திருவனந்தபுரத்தில் வாயைத் திறந்து விளக்கொளியில் நோக்கும் சோதனையால், புகையிலையும் மதுவும் வழங்குவோரிடை வாய்ப்புற்று இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இது 2005-இல் வெளியானது. மும்பையில் இருபதாண்டு நிகழ்ந்து 2021-இல் வெளியான ஆராய்ச்சியில், பயிற்சி பெற்ற பெண்கள் கையால் மார்பைச் சோதித்தமையால், ஐம்பது வயதிற்கு மேற்பட்டாரிடை மார்புப் புற்று இறப்பு நூற்றுக்கு முப்பது வீதம் அளவிற்குக் குறைந்தது. அரசினரும் முப்பது வயதிற்கு மேற்பட்டார்க்கு வாய், மார்பு, கருப்பை வாய் இம்மூன்றையுமே சோதிக்கும் திட்டம் வகுத்துள்ளனர். கோடிக் கணக்கில் விலைபோகும் கருவி ஒருபுறமிருக்க, ஒரு கிண்ணம் காடியும், ஒரு விளக்கும், ஒரு செவிலியின் கையும் இத்துணை உயிர்களைக் காத்தமை நினைக்கத்தக்கது.

இனி, மருத்துவர் சி.டி. எடுக்கச் சொல்லுங்கால் நம் வீட்டார் கருத வேண்டுவன சில. எதனை அறிய இப்படம் என்று பணிவோடு கேளுங்கள். அதன் விடை சிகிச்சையை மாற்றுமாயின் தயங்காதீர்கள். முன் எடுத்த படங்களையும் அறிக்கைகளையும் எறியாது கட்டி வைத்து உடன் கொண்டு செல்லுங்கள்; பழைய படம் ஒன்று இருப்பின் புதிய படம் ஒன்று மிச்சமாகலாம். கருவுற்ற ஐயமிருப்பின் முன்னரே சொல்லுதல் வேண்டும். இரத்தக் குழாயில் மருந்தேற்றி எடுக்கும் படமாயின், சிறுநீரகக் குறையோ, நீரிழிவுக்கு உண்ணும் மருந்தோ, முன்னர் அம்மருந்தால் ஒவ்வாமையோ இருந்தால் மறையாது உரையுங்கள். பொருளில்லையே என்று நாட்களைக் கடத்தாதீர்கள். இராயப்பேட்டை அரசு மருத்துவமனையிலும் பொது மருத்துவமனையிலும் புற்றுநோய்ப் பிரிவுகள் உள்ளன. தகுதியுடைய குடும்பங்கட்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் துணை செய்கின்றது.

இறுதியாக நம் சங்கத்தின் கடமையைக் கூறி முடிக்கின்றேன். திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், மருத்துவத்திற்கு நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு, உடனிருந்து பேணுபவனையும் நான்காம் உறுப்பாக வைத்தார். முதல் மூன்றும் அடையாற்றிலும் இராயப்பேட்டையிலும் உள்ளன. நான்காவதை ஒரு மருத்துவமனையும் தரவியலாது. அது உறவின்முறை தரவேண்டுவது. உறவின்முறை என்று பெயர் வைத்துக்கொண்டு நாம் கூடுவது மாலை மரியாதைக்கும் வரன் பட்டியலுக்கும் மட்டுமோ?

ஆகவே மூன்று வேண்டுகோள். ஒன்று: ஆண்டுக்கொருமுறை நம் சங்கக் கட்டடத்திலேயே பெண் மருத்துவர் ஒருவரை வருவித்து, மேற்கூறிய எளிய சோதனைகளை நம் தாய்மார்க்குத் தனியறையில் செய்விப்போம். ஆடவரிற் புகைப்பவரும் வாயைக் காட்டட்டும். பழக்கத்தை விடுவதற்கும் அங்கேயே அறிவுரை பெறட்டும். இரண்டு: வெளியூரிலிருந்து சிகிச்சைக்காக அடையாற்றிற்கு வரும் நம்மவர்க்கு, வழிகாட்டியும் உடன்வரும் துணையுமாக இளைஞர் பத்துப் பேர் முறைவைத்துப் பணிசெய்யட்டும். ஆங்கிலத்தில் எழுதிய சீட்டைப் படித்துச் சொல்ல ஒருவர் அருகிலிருந்தால், ஒரு முதியவரின் அச்சத்தில் பாதி நீங்கிவிடும்.

மூன்றாவது காசு வேண்டாதது; ஆயினும் மிக அரியது. சம்பந்தம் பேசுமிடத்தில், "அந்த வீட்டில் யாருக்கேனும் புற்றுண்டா?" என்று விசாரிக்கும் வழக்கத்தை நாம் விட்டொழிக்க வேண்டும். இந்நோய் தொற்றுவதன்று. வழிவழியாக வலுவாகத் தொடரும் வகை நூற்றுக்கு ஐந்து முதல் பத்தளவே, அத்தகைய குடும்பத்தார்க்கும் வேண்டுவது முன்னெச்சரிக்கையான சோதனையே, விலக்கி வைத்தலன்று. அவ்வினாவைக் கேட்கும் ஒவ்வொருவரும், எங்கோ ஓர் இல்லத்தில் ஒரு தாயின் வாயை அடைக்கின்றார் என்று உணர்வாராக. இதனை இன்றைய கூட்டத்திலேயே தீர்மானமாக நிறைவேற்றி, நம் பத்திரிகையில் வரன் பகுதியின் தலைப்பிலேயே அச்சிடுமாறு காரியதரிசி அவர்களைக் கேட்டுக்கொள்கின்றேன்.

உடலுக்குள் மறைந்ததைக் காட்டும் கருவியை அறிஞர் ஆக்கித் தந்துவிட்டனர். அதன் கணக்கை வகுத்தவருள் நம்மவரும் இருந்தனர். உள்ளத்துள் மறைத்ததை வெளிப்படுத்தும் கருவி வேறில்லை. அன்போடு கேட்கும் செவியே அது. இன்றிரவு வீடு சென்றதும், உங்கள் தாயையோ, மனைவியையோ, தமக்கையையோ அழைத்து, "உடம்பில் ஏதேனும் உண்டா, சொல்" என்று ஒருமுறை கேளுங்கள்.